எட்டு அவுட் எல்லாம் ஒன்றல்ல: சிறு பந்தய போக்கரில் ஸ்ட்ரெய்ட் ட்ராவை எடைபோடும் முறை

1/2 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம் மேஜை. சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைதான் பிளைண்ட்: சின்ன பிளைண்ட் 1 டாலர், பெரிய பிளைண்ட் 2 டாலர். ஆளுக்கு 200 டாலர் முன்னால் இருக்கிறது. லாஸ் வேகாஸ் போன்ற ஊர்களின் சீட்டறைகளில் புதியவர்கள் முதலில் உட்காரும் மேஜை பல இடங்களில் இந்த அளவுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறக்கும், அது ஃப்ளாப். பிறகு டர்ன், ரிவர் என்று ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு. இங்கே ஃப்ளாப்பில் 9, 8, 2 விழுகிறது. மூன்றும் வேறு வேறு ஜாதி. ஒருவர் கையில் ஜாக்-10, இன்னொருவரிடம் 10-7, மூன்றாமவரிடம் 7-6.

ஐந்து சீட்டுத் தொடர்தான் ஸ்ட்ரெய்ட். அதற்கு ஒரு சீட்டு குறைவாகக் காத்திருப்பது ட்ரா, அதை முடித்துத் தரும் சீட்டு அவுட். தொடரை முடிக்க மூவருக்குமே எட்டுச் சீட்டு உண்டு. இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது எட்டில் ஒன்று வந்துசேர 31.5 சதவீத வாய்ப்பு என்று எந்த அட்டவணையும் சொல்லும். ஆனால் ஒரு வருடம் இதே மேஜையில் ஆடினால் ஜாக்-10 சம்பாதிக்கும், 10-7 ஏறக்குறைய சமாளிக்கும், 7-6 பணத்தைக் கரைக்கும். ஏன் என்று புரிந்துவிட்டால் ஸ்ட்ரெய்ட் ட்ராவை எடைபோடும் வேலையில் பாதி முடிந்தது.

ஜாக்-10 வைத்திருப்பவருக்கு வேண்டியது குயின் அல்லது 7. எது வந்தாலும் அப்போது மேஜையில் சாத்தியமான மிகப் பெரிய கை அவருடையதுதான். இப்படிப்பட்ட கையை நட்ஸ் என்பார்கள். 10-7 காரருக்கு வேண்டியது ஜாக் அல்லது 6. 6 வந்தால் நட்ஸ். ஜாக் வந்தால் குயின்-10 வைத்திருப்பவர் அவரைவிடப் பெரிய தொடரோடு உட்கார்ந்திருப்பார். 7-6 காரருக்கு 5 வந்தால் கவலையில்லை. 10 வந்தாலோ குயின்-ஜாக்கும் ஜாக்-7-ம் அவரை வெல்லும். ஜாக்-7 ஐப் பலர் ஆரம்பத்திலேயே கீழே போட்டு விலகிவிடுவார்கள், இதுதான் ஃபோல்டு. குயின்-ஜாக்கை இந்த அளவு மேஜையில் யாரும் கீழே போடுவதில்லை. தொடரின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அமெரிக்கச் சீட்டறைகளில் ‘முட்டாள் முனை’ என்றே சொல்கிறார்கள். பெயர் கொஞ்சம் கடுமைதான், ஆனால் பொருத்தமானது.

முதலில் ட்ராவின் வகையைச் சரியாகப் பாருங்கள்

ரம்மி ஆடியவர்களுக்கு இது எளிது. 5-6 வைத்திருந்தால் 4-ம் ஆகும், 7-ம் ஆகும். 5-7 வைத்திருந்தால் நடுவில் 6 மட்டும்தான். போக்கரில் மூன்றுக்குப் பதில் ஐந்து சீட்டுத் தொடர், ஒரே ஜாதியாக இருக்க வேண்டியதும் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

நான்கு சீட்டு அடுத்தடுத்து இருந்து இரண்டு முனையும் திறந்திருந்தால் அது ஓப்பன்-எண்டட். எட்டு அவுட். நடுவில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தால் கட்ஷாட். நான்கு அவுட். இந்த இரண்டையும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தவறவிடுவது இரட்டை கட்ஷாட். கையில் குயின்-10, ஃப்ளாப்பில் ஏஸ்-ஜாக்-8 என்று வையுங்கள். கிங் வந்தால் 10 முதல் ஏஸ் வரை தொடர். 9 வந்தால் 8 முதல் குயின் வரை தொடர். நான்கு சீட்டு வரிசையாக இல்லாததால் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும், ஆனால் ஓப்பன்-எண்டடுக்குச் சமமான எட்டு அவுட். அதோடு இந்தக் கையில் இரண்டு பக்கமும் நட்ஸ். எதிரில் இருப்பவருக்கும் இது தெரியாது என்பதால், அடித்தவுடன் பணம் வரும் கை இது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. கையில் ஏஸ்-கிங், ஃப்ளாப்பில் குயின்-ஜாக்-4. நான்கு வரிசையாக இருக்கிறது, ஆனால் ஏஸுக்கு மேலே ஒன்றும் இல்லை. 10 மட்டும்தான் வேண்டும். நான்கு அவுட். ஏஸ்-2 வைத்துக்கொண்டு 3-4 பார்த்தாலும் அப்படியே, 5 மட்டும். குயின்-கிங்-ஏஸ்-2-3 என்று சுற்றி வரும் தொடர் போக்கரில் கிடையாது.

கண் பழகும்வரை ஒரு முறை உதவும். உங்கள் இரண்டு சீட்டையும் மேஜைச் சீட்டுகளையும் மனதில் ஏறுவரிசையில் அடுக்குங்கள். பிறகு ஐந்து எண் அகலமுள்ள ஒரு ஜன்னலை 1-5, 2-6, 3-7 என்று நகர்த்திப் பாருங்கள். எந்த ஜன்னலில் நான்கு நிரம்பியிருக்கிறதோ, அதில் காணாமல் போனது உங்கள் அவுட். வெவ்வேறு இரண்டு எண்கள் அப்படிக் கிடைத்தால் எட்டு, ஒன்றே கிடைத்தால் நான்கு. கூடவே ஒரு சின்ன உண்மையையும் நினைவில் வைக்கலாம்: 5 அல்லது 10, இரண்டில் ஒன்றாவது இல்லாத ஸ்ட்ரெய்ட் கிடையாது. மேஜையில் இரண்டுமே இல்லையென்றால், ஸ்ட்ரெய்ட் வைத்திருப்பவர் கையில் அவற்றில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஒற்றைச் சீட்டு ட்ரா தனி ரகம். கையில் ஏஸ்-10, மேஜையில் 9-8-7. ஜாக் அல்லது 6 வந்தால் ஸ்ட்ரெய்ட். எட்டு அவுட் என்று எண்ணிவிடாதீர்கள். ஜாக் வந்தால் குயின்-10 வெல்லும். 6 வந்தால் ஜாக்-10 வெல்லும். இன்னொருவரிடம் 10 இருந்தால் பங்கு போட வேண்டும். இதையெல்லாம் தாண்டி ஜெயித்தாலும், மேஜையில் நான்கு சீட்டு வரிசையாகக் கிடப்பதைப் பார்த்து எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். இதை மூன்று நான்கு அவுட்டுக்கு மேல் மதிக்க வேண்டாம்.

பின்வாசல் ட்ராவுக்கு ஒரு வரி போதும். ஜாக்-10 வைத்து 9 மட்டும் ஒட்டியிருந்தால், டர்ன், ரிவர் இரண்டும் சேர்ந்து ஸ்ட்ரெய்ட்டை முடிக்க 4.4 சதவீதம். தராசில் முள் ஊசலாடும்போது சேர்க்கும் குன்றிமணி அது, அதை மட்டும் நம்பிப் பணம் போடக் கூடாது.

எண்ணிய பிறகு கழிக்க வேண்டும்

எட்டு என்பது தொடக்க எண். அதிலிருந்து எத்தனை கழியும் என்று பார்ப்பதுதான் புதியவர்கள் விட்டுவிடும் படி.

முதல் கழிவு ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு. அது ஸ்ட்ரெய்ட்டை வெல்லும். மேஜையில் இரண்டு ஹார்ட்டின் கிடக்கிறது, உங்கள் கையில் ஹார்ட்டின் இல்லை. உங்கள் எட்டு அவுட்டில் இரண்டு ஹார்ட்டின். அவை உங்களுக்கு ஸ்ட்ரெய்ட்டைக் கொடுக்கும் அதே நேரத்தில் இன்னொருவருக்கு ஃப்ளஷ்ஷைக் கொடுக்கும். நான்கு ஐந்து பேர் ஃப்ளாப் பார்க்கும் மேஜையில் யாரோ ஒருவர் இரண்டு ஹார்ட்டினோடு காத்திருப்பார் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆக ஆறு அவுட். ஒரே எதிராளி என்றால் ஏழு என்று எண்ணலாம். மேஜையில் மூன்றும் ஒரே ஜாதி, உங்களிடம் அந்த ஜாதி இல்லை என்றால் பேச்சே வேண்டாம், கையைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஃப்ளஷ் அடித்தவர் இருந்தால் உங்கள் எட்டில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது.

இரண்டாவது கழிவு நாம் முதலில் பார்த்த முனைக் கழிவு. எந்தப் பக்கம் அடித்தால் நட்ஸ் இல்லையோ, அந்தப் பக்கத்து நான்கை இரண்டு என்று எண்ணுங்கள். இருவர் மட்டும் ஆடும்போது மூன்று என்று எண்ணலாம். இது துல்லியக் கணக்கு அல்ல, கைப்பழக்கத்துக்கான மதிப்பீடு. ஆனால் எட்டு என்று நம்பிக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ஜோடி விழுந்த மேஜை. 9-9-8 மேஜையில் ஜாக்-10 வைத்திருப்பவருக்கு எட்டு அவுட் எண்ணிக்கையில் உண்டு. ஆனால் எதிரில் 9-8 அல்லது 8-8 இருந்தால் அவர் ஏற்கெனவே ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு ஜோடியும். அது ஸ்ட்ரெய்ட்டை வெல்லும். ஒரு 9 மட்டும் வைத்திருப்பவருக்கும் ஃபுல் ஹவுஸாக வளர வழி உண்டு. சிறிய பந்தயத்துக்கு ஒரு சீட்டு பார்க்கலாம். யாராவது பந்தயத்தை உயர்த்தி ரைஸ் செய்துவிட்டால் அங்கே நிற்க வேண்டாம்.

எதிராளியிடம் செட் (கையில் ஜோடி, மேஜையில் அதே எண் ஒன்று) இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 9-8-2 மேஜை, உங்களிடம் ஜாக்-10, எதிரில் 9-9. பார்க்காத சீட்டு 45, அவற்றிலிருந்து டர்னும் ரிவரும் வரக்கூடிய ஜோடிகள் 990. நீங்கள் ஸ்ட்ரெய்ட் அடித்து, மேஜையும் ஜோடி விழாமல் இருப்பது 256 ஜோடிகளில்தான். 25.9 சதவீதம். அதே இடத்தில் எதிரில் கிங்-கிங் இருந்தால் நீங்கள் 990-இல் 339 முறை வெல்வீர்கள். 34.2 சதவீதம். இரண்டு ஜாக் வருவது, ஜாக்கும் 10-ம் சேர்ந்து வருவது போன்ற பின்வாசல் வெற்றிகளும் அதில் அடக்கம். பின்வாசல் ஃப்ளஷ்ஷை மட்டும் இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை. ஒரே ட்ராவுக்கு எதிராளியைப் பொறுத்து 26-ம் 34-ம் விலை.

கழிவு இருக்கும் இடத்தில் கூட்டலும் உண்டு. ஓப்பன்-எண்டடோடு ஃப்ளஷ் ட்ராவும் சேர்ந்தால் 15 அவுட். இரண்டு சீட்டில் 54 சதவீதம், அதாவது ஒரு ஜோடி மட்டும் வைத்திருப்பவரைவிட நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். கட்ஷாட்டும் ஃப்ளஷ் ட்ராவும் சேர்ந்தால் 12 அவுட், 45 சதவீதம். மேஜையைவிடப் பெரிய சீட்டுகளை மட்டும் அளவோடு கூட்டுங்கள். ஜாக்-10-4 மேஜையில் கிங்-குயின் வைத்திருப்பவர் கிங்கையும் குயினையும் ஆறு அவுட்டாகச் சேர்த்து 14 என்று சொல்லிக்கொள்வார். கிங் வந்தால் ஏஸ்-குயினுக்கு ஸ்ட்ரெய்ட், குயின்-9-க்கும் ஸ்ட்ரெய்ட். அந்த ஆறை இரண்டு என்று எண்ணினால் போதும்.

விலை கேளுங்கள்

இப்போது கையில் ஒரு எண் இருக்கிறது. அதை எதிராளி கேட்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். மேஜை நடுவில் குவிந்திருக்கும் தொகையை பாட் என்பார்கள். அடுத்த ஒரு சீட்டுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள்:

எட்டு அவுட்: 17 சதவீதம், அதாவது ஒன்றுக்கு 4.9 (ஒரு முறை வந்தால் 4.9 முறை வராது).
ஆறு அவுட்: 12.8 சதவீதம், ஒன்றுக்கு 6.8.
நான்கு அவுட்: 8.5 சதவீதம், ஒன்றுக்கு 10.75.

பாட்டில் 30 டாலர், எதிராளி 15 போடுகிறார். நீங்கள் 15 போட்டு 45-ஐ ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். ஒன்றுக்கு 3. எட்டு அவுட்டுக்கே 4.9 வேண்டும். நேர்க்கணக்கில் இது நட்டம். அப்படியானால் ஏன் எல்லோரும் அதே தொகையைக் கொடுத்து கால் செய்கிறார்கள்? அடித்த பிறகு இன்னும் பணம் வரும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்கும் ஓர் எண் உண்டு. 15-ஐ 4.9-ஆல் பெருக்கினால் சுமார் 73. கண்ணெதிரே 45 இருக்கிறது. ஆகவே அடிக்கும்போதெல்லாம் சராசரியாக இன்னும் 28 டாலர் பிடுங்க வேண்டும். 200 டாலர் முன்னால் வைத்திருக்கும், நல்ல ஜோடியை விடத் தெரியாத ஒருவரிடம் 28 டாலர் பெரிய காரியமில்லை. கால் செய்யலாம்.

அதே பந்தயத்தில் ஆறு அவுட்டுக்கு மேற்கொண்டு 57 டாலர் வேண்டும். கட்ஷாட்டுக்கு 116. எதிராளி 10 டாலர் மட்டும் போட்டிருந்தால் இந்த எண்கள் 9, 28, 67 என்று இறங்கும். பாட் முழுக்க 30 போட்டால் 86, 145, 262 என்று ஏறும். கடைசி எண்ணைக் கவனியுங்கள். எதிராளியிடம் மொத்தமே 200 டாலர்தான். பாட் அளவு பந்தயத்துக்கு வெறும் கட்ஷாட்டோடு கால் செய்பவர், எதிராளியின் முழுப் பணத்தையும் ஒவ்வொரு முறையும் பிடுங்கினாலும் நட்டத்தில்தான் இருப்பார். இந்த மேஜைகளில் மிக அதிகமாகப் பணம் கரையும் இடங்களில் இது ஒன்று.

வாய்க்கணக்குக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். உங்கள் இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ, அந்தத் தொகைதான் நிஜ ஸ்டாக். நட்ஸ் ஆகக்கூடிய கட்ஷாட்டுக்கு அதில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம். சுத்தமான ஓப்பன்-எண்டடுக்கு 10 சதவீதம். உங்களிடம் 500 இருந்து எதிரில் 60 மட்டும் இருந்தால், ஸ்டாக் 60 என்று எண்ணுங்கள். 3 டாலருக்கு மேல் கட்ஷாட் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு பாட்டிலிருந்தும் சீட்டறை எடுத்துக்கொள்ளும் ரேக்கை மறக்க வேண்டாம். பாட்டில் 10 சதவீதம், 4 அல்லது 5 டாலர் உச்சம் என்பது பரவலான வழக்கம். பல அறைகளில் ஜாக்பாட்டுக்கு என்று இன்னும் ஒன்றிரண்டு டாலர் போகும். ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் கொடுப்பது மரியாதை. 300 டாலர் பாட்டில் இது தூசி. 40 டாலர் பாட்டில் ஆறில் ஒரு பங்கே போய்விடலாம். சின்ன பாட்டுகளில் கணக்கு நூலிழையில் நின்றால் கையைப் போட்டுவிடுவது சரி.

நான்கால் பெருக்கும் பழக்கம் எங்கே தவறுகிறது

அவுட்டை இரண்டால் பெருக்கினால் ஒரு சீட்டுக்கான சதவீதம், நான்கால் பெருக்கினால் இரண்டு சீட்டுக்கான சதவீதம் என்ற குறுக்குவழி எல்லோருக்கும் தெரியும். கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் ஃப்ளாப்பில் நான்கால் பெருக்கி 32 சதவீதம் என்று சொல்லி 15 டாலர் போடுபவர், அந்த 15 டாலருக்கே இரண்டு சீட்டும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். டர்னில் எதிராளி மறுபடியும் 40 கேட்பார். நான்கால் பெருக்க உரிமை இருப்பது, இனி யாரும் பந்தயம் கட்ட முடியாத ஆல்-இன் நிலையில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டுதான்.

ஆல்-இன் உதாரணம் ஒன்று. பாட் 50, எதிராளி மிச்சமிருக்கும் 40-ஐயும் தள்ளுகிறார். 40 போட்டு மொத்தம் 130 ஆகும் பாட். தேவை 30.8 சதவீதம். உங்கள் எட்டு அவுட்டுக்கு 31.5. கால் என்று தோன்றும். ரேக்குக்கு 5 டாலர் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 125, தேவை 32 சதவீதம். இப்போது கை கீழே போகிறது. எதிரில் பெரிய ஜோடி இருப்பது நிச்சயமென்றால் ஜாக்-10-க்கு 34, கால். இரவு முழுக்க ரைஸே செய்யாத ஆசாமி திடீரென்று எல்லாவற்றையும் தள்ளுகிறார் என்றால் செட் வாசனை அடிக்கிறது, 26, ஃபோல்டு. இரண்டு முடிவுக்கும் இடையே உள்ள லாப நட்டம் சில டாலர்தான். ஆனால் தேவை என்ன, கையில் இருப்பது என்ன என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

டர்னில் நிலைமை இன்னும் கறார். ஒரு சீட்டுதான் பாக்கி, பந்தயமோ பெரிது. பாட் 60, எதிராளி 40 கேட்டால், எட்டு அவுட் உள்ளவருக்கு அடித்த பிறகு ரிவரில் மேலும் 90 டாலர் வர வேண்டும். அவரிடம் 90 மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

யார் பணம் கொடுப்பார்கள்

சிறு பந்தய மேஜையின் குணம் தனி. பிளைண்டை மட்டும் கட்டி உள்ளே வருபவர்கள் அதிகம். நான்கு ஐந்து பேர் ஃப்ளாப் பார்ப்பார்கள். கால் நிறைய, ரைஸ் குறைவு, ஃபோல்டு மிகக் குறைவு. ஸ்ட்ரெய்ட் ட்ராவுக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருக்கிறது.

நன்மை, விலை தானாகவே இறங்கும். பாட் 20, ஒருவர் 10 போடுகிறார், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கால். இப்போது 10 போட்டு 50-ஐப் பார்க்கிறீர்கள். ஒன்றுக்கு 5. சுத்தமான எட்டு அவுட்டுக்கு அடுத்த சீட்டு இலவசம் மாதிரிதான். தீமை, அதே இரண்டு பேரில் ஒருவரிடம் குயின்-ஜாக் இருக்கும், இன்னொருவரிடம் இரண்டு ஹார்ட்டின் இருக்கும். ஆள் கூடக் கூட நட்ஸ் ட்ராவின் மதிப்பு ஏறும், கீழ்முனை ட்ராவின் மதிப்பு இறங்கும். 7-6-ஐ ஒருவருக்கு எதிராக ஆடுவதும் ஐந்து பேருக்கு எதிராக ஆடுவதும் வேறு வேறு விளையாட்டு.

அடித்த ஸ்ட்ரெய்ட் எவ்வளவு தெரிகிறது என்பதும் விலையை மாற்றும். ஏஸ்-ஜாக்-8 மேஜையில் 9 வந்து குயின்-10 முடிந்தால் யாருக்கும் உறைக்காது. ஏஸ் ஜோடி வைத்திருப்பவர் நிம்மதியாகப் பணம் கொடுப்பார். 9-8-2-இல் 7 வந்தால் மூன்று சீட்டு பளிச்சென்று வரிசையில் நிற்கும், கொஞ்சம் அனுபவம் உள்ளவர் தயங்குவார். அவரிடம் 28 டாலர் வாங்கலாம், 90 வாங்குவது சிரமம்.

இருக்கையும் முக்கியம். கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தால் எல்லோரும் பந்தயம் கட்டாமல் செக் செய்ததும் நீங்களும் செக் செய்து ஒரு சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். அடித்த பிறகு பந்தய அளவையும் நீங்களே தீர்மானிக்கலாம். முதலில் பேசும் இடத்தில் இருந்தால், நீங்கள் செக் செய்து அவரும் செக் செய்துவிட்டால் அந்த 28 டாலர் போயிற்று. நூலிழைக் கணக்கில் கடைசி இருக்கையில் கால், முதல் இருக்கையில் ஃபோல்டு.

ட்ராவோடு தாக்கலாமா

ட்ராவை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டுவதை செமி-பிளஃப் என்பார்கள். எதிராளி கையைப் போட்டுவிட்டால் அப்போதே ஜெயம், போடாவிட்டால் அவுட் காப்பாற்றும். கேட்க அழகாக இருக்கும். எண்ணோடு பார்ப்போம்.

டர்ன். பாட் 40, உங்களிடம் எட்டு அவுட், 25 கட்டுகிறீர்கள். வெறுங்கையோடு மிரட்டும் பிளஃப் என்றால் எதிராளி 38 சதவீதத்துக்கு மேல் ஃபோல்டு செய்ய வேண்டும். எட்டு அவுட் கைகொடுப்பதால் 19 சதவீதம் ஃபோல்டு செய்தாலே நட்டமில்லை. இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் கடைசி இருக்கையில் இருந்தால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது: செக் செய்து ரிவரை இலவசமாகப் பார்ப்பது. அதுவே சராசரியாக 7 டாலர் பெறும். அந்த 7 டாலரையும் தாண்டி லாபம் வேண்டுமென்றால் எதிராளி சுமார் 33 சதவீதம் ஃபோல்டு செய்ய வேண்டும். ரிவரில் வரப்போகும் பந்தயத்தை விட்டுவிட்டுச் சொல்லும் கணக்கு இது, ஆனாலும் திசையைக் காட்டிவிடும். மூன்று பேர் கால் செய்துகொண்டே இருக்கும் மேஜையில் மூவரும் சேர்ந்து 33 சதவீதம் ஃபோல்டு செய்வார்களா? மாட்டார்கள். அங்கே தாக்காதீர்கள். ஒரே எதிராளி, டர்னில் ஏஸ் போன்ற பயமுறுத்தும் சீட்டு, அவர் முகத்தில் ஏற்கெனவே சலிப்பு என்றால் தாக்குங்கள்.

15 அவுட் உள்ள பெரிய ட்ரா மட்டும் விதிவிலக்கு. ஃப்ளாப்பிலேயே பணத்தை உள்ளே தள்ளுவதில் தயக்கம் வேண்டாம், ஒரு ஜோடிக்காரர் கால் செய்தாலும் நட்டமில்லை.

அடித்த பிறகு, அடிக்காத பிறகு

டர்னில் ஸ்ட்ரெய்ட் அடித்துவிட்டது. புதியவர்கள் இங்கே ‘பொறி வைக்கிறேன்’ என்று செக் செய்து கெடுத்துக்கொள்வார்கள். எதிரில் செட் இருந்தால் ரிவரில் மேஜை ஜோடி விழ அவருக்கு 10 அவுட். பார்க்காத 44 சீட்டில் 10, அதாவது 22.7 சதவீதம். நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி பாட் கட்டினால் அவருக்கு ஒன்றுக்கு 3 விலை கிடைக்கிறது. அது அவருக்கு ஏறக்குறைய நியாய விலை, ரிவரில் உங்களிடம் வாங்கப்போவதைச் சேர்த்தால் லாபமே. பாட்டில் மூன்றில் இரண்டு முதல் முழு பாட் வரை கட்டுங்கள். கால் செய்யும் வழக்கமுள்ளவர் 25-க்கும் கால் செய்வார், 40-க்கும் கால் செய்வார்.

அடித்தது கீழ்முனையாக இருந்தால் வேறு மாதிரி. ஒருமுறை கட்டுங்கள். அதன் பிறகு யாராவது ரைஸ் செய்தால், குறிப்பாக இதுவரை கால் மட்டுமே செய்துவந்த அமைதியானவர் ரைஸ் செய்தால், அவரிடம் மேல்முனை இருக்கிறது என்று நம்புங்கள். சிறு பந்தய மேஜையில் டர்ன், ரிவர் ரைஸ் பிளஃப்பாக இருப்பது அரிது. ரிவரில் இன்னொரு வரிசைச் சீட்டு விழுந்து மேஜையில் நான்கு நின்றுவிட்டால், நட்ஸாக இருந்த உங்கள் கையும் பழையதாகிவிடும். ஜாக்-10-ஓடு 9-8-7 பார்த்து மகிழ்ந்திருக்கும்போது ரிவரில் 10 வந்தால் எந்த ஜாக்கும் உங்களோடு பங்குக்கு வரும், குயின்-ஜாக் உங்களை வெல்லும். அளவைக் குறைத்துக் கட்டுங்கள் அல்லது செக் செய்யுங்கள்.

அடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு சுற்றாக கால் செய்துகொண்டே வந்த எதிராளியை ரிவரில் வெறுங்கையோடு மிரட்டுவது இந்த மேஜையில் எடுபடாது. முதலில் போட்ட 15-ஐயும் 40-ஐயும் மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அது பாட்டுக்குச் சொந்தமான பணம், உங்களுடையது அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு மேஜைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு போதும். தனக்கு இரண்டு சீட்டு, மேஜைக்கு மூன்று. ட்ரா இருந்தால் நான்கு எண்களை எழுதுங்கள்: மொத்த அவுட், கழிவு போக மிஞ்சும் அவுட், ஒரு சீட்டுக்கான விலை, அரை பாட் பந்தயத்துக்கு மேற்கொண்டு எவ்வளவு பிடுங்க வேண்டும் என்பது. பெரும்பாலான ஃப்ளாப்பில் ஒன்றும் இருக்காது. ஜாக்-10 வைத்தே ஃப்ளாப்பில் ஸ்ட்ரெய்ட் முழுதாக விழுவது 1.3 சதவீதம்தான். ஆகவே கையில் ஜாக்-10, 10-8, 7-6 என்று நீங்களே வைத்துக்கொண்டு ஃப்ளாப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐம்பது ஃப்ளாப்புக்குப் பிறகு இரட்டை கட்ஷாட் கண்ணில் படத் தொடங்கும்.

இணையத்தில் காசு கட்டிப் பழகலாம் என்று நினைக்கும் இந்திய வாசகர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்கிறது. போக்கரும் அதில் அடக்கம். சீட்டுக்கட்டும் தீப்பெட்டிக் குச்சியும் வைத்து நண்பர்களோடு ஆடினாலும் ரேக்கைத் தவிர மேலே சொன்ன கணக்கு ஒரு எண்கூட மாறாது. குச்சியை யாரும் ரேக்காக எடுக்க மாட்டார்கள் என்பதால் 31.5 சதவீதத்தோடு அந்த 40-க்கு கால் செய்துவிடலாம்.